சேஃப்டி ஆஃபீசர் ஆகணுமா? கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன்னால் இதைப் படித்துவிடுங்கள்

"அண்ணா, ஒரே மாசத்தில் சேஃப்டி டிப்ளமா தருகிறார்களாம், முப்பதாயிரம் கேட்கிறார்கள், கட்டலாமா?" இந்தக் கேள்வி வராத வாரம் எனக்கு இல்லை. கேட்பவர்களில் பாதிப்பேர் மெக்கானிக்கலோ சிவிலோ முடித்துவிட்டு வேலை அமையாமல் வீட்டில் இருக்கும் பிள்ளைகள். மீதிப்பேர் ஏற்கெனவே எங்கோ ஃபிட்டராகவோ சூப்பர்வைசராகவோ இருந்துகொண்டு கொஞ்சம் நல்ல சம்பளத்துக்கு மாறப் பார்ப்பவர்கள். ஆளாளுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டு அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் பதில்: கட்டாதீர்கள். இதைப் படித்து முடிக்கும் வரையாவது கட்டாதீர்கள்.

சேஃப்டி ஆஃபீசர் என்ற ஒரே பெயரில் இரண்டு வேலைகள் ஓடுகின்றன, அது தெரியாமல்தான் பலர் பணத்தை விடுகிறார்கள். ஒன்று, சட்டம் கேட்கும் பதவி. தொழிற்சாலைகள் சட்டம் 1948, 40பி பிரிவின்படி 1000 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலை கட்டாயம் சேஃப்டி ஆஃபீசரை நியமிக்க வேண்டும் என்று இருந்தது. 2020-இல் நிறைவேறிய தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தபோது அந்த எண்ணிக்கை இறங்கியது: தொழிற்சாலையில் 500 பேர், அபாயகரமான செயல்முறை உள்ள ஆலையில் 250, கட்டுமானத்தில் 250, சுரங்கத்தில் 100. ஆக, ஆள் தேவை கூடுகிறது. ஆனால் இந்த நாற்காலியில் உட்கார, பொதுவாக, பொறியியல் பட்டத்தோடு 2 வருடமோ டிப்ளமாவோடு 5 வருடமோ மேற்பார்வை அனுபவம் வேண்டும், அதற்கு மேல் மாநில அரசு அங்கீகரித்த இண்டஸ்ட்ரியல் சேஃப்டி டிப்ளமாவோ பட்டமோ வேண்டும். ஒரு மாத டிப்ளமா இதில் எங்கேயும் வராது.

இன்னொன்று, காண்ட்ராக்டர்கள் எடுக்கும் சைட் சேஃப்டி வேலை. சேஃப்டி ஸ்டீவர்ட், சேஃப்டி சூப்பர்வைசர், ஃபயர் வாட்ச் (தீப்பிடிக்காமல் காவல் நிற்பவர்), ஹோல் வாட்ச் (தொட்டிக்கு வெளியே காவல் நிற்பவர்) என்று பல பெயரில் வரும், சிலசமயம் விசிட்டிங் கார்டில் சேஃப்டி ஆஃபீசர் என்றே போட்டுக்கொடுத்துவிடுவார்கள். இங்கே சின்னச் சான்றிதழை வைத்தும் நுழையலாம், சான்றிதழே இல்லாமலும் நுழையலாம், பேசத் தெரிந்தால் போதும். நுழைந்த இடத்திலேயே பத்து வருடம் நின்றுவிடுகிற ஆபத்தும் இங்கேதான்.

சரி, எங்கே படிப்பது? தமிழ்நாட்டில் என்னிடம் கேட்டால் முதலில் சொல்வது சென்னை தரமணியில் இருக்கும் ஆர்எல்ஐ, அதாவது மண்டலத் தொழிலாளர் நிறுவனம். தொழிற்சாலைப் பாதுகாப்பைப் பார்க்கும் ஒன்றிய அரசு அமைப்பான டிஜிஃபாஸ்லிக்குக் கீழே வருவது. அங்கே நடக்கும் ஒரு வருட டிப்ளமாவுக்கு இந்தத் துறையில் இருக்கும் மரியாதை வேறு எந்த டிப்ளமாவுக்கும் கிடையாது, சீட்டும் அதற்கேற்ற மாதிரி குறைவுதான். மேல்படிப்பாகப் போவதென்றால் திருச்சி என்ஐடியில் எம்டெக் இருக்கிறது, சிவகாசி மெப்கோவில் எம்இ இருக்கிறது. பட்டாசுத் தொழிற்சாலைகளுக்கு நடுவில் உட்கார்ந்து சேஃப்டி படிப்பது தனி அனுபவம், பாடம் ஜன்னலுக்கு வெளியே இருக்கும். வேறு எந்த நிறுவனம் என்றாலும், பணம் கட்டும் முன்னால் ஒரே ஒரு வேலை செய்யுங்கள்: "இந்தச் சான்றிதழைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் ஏற்றுக்கொள்கிறதா, அதற்கான ஆணையைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். டிஷ் என்று சொன்னால் அவர்களுக்கே புரியும். "நூறு சதவீதம் ப்ளேஸ்மெண்ட் சார்" என்று பேச்சை மாற்றினால் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

நெபோஷ் பற்றிக் கேட்பீர்கள். பிரிட்டனின் சேஃப்டி தேர்வு அமைப்பு, 1979-இல் தொடங்கியது, வளைகுடாவில் வேலை தேடினால் அநேகமாக இதைத்தான் முதலில் கேட்பார்கள். ஐஜிசி என்ற சான்றிதழுக்கு இப்போது ஒரு ஓப்பன் புக் தேர்வும், ஒரு வேலையிடத்தை நீங்களே பார்த்து அபாயங்களை எடைபோட்டு எழுதும் செய்முறையும் உண்டு. ஓப்பன் புக்தானே என்று அலட்சியமாகப் போகிறவர்கள்தான் அதிகம் கவிழ்கிறார்கள், ஏனென்றால் கொடுத்திருக்கும் சம்பவத்திலிருந்து ஆதாரம் எடுத்துக் காட்டி எழுத வேண்டும், புத்தகத்தில் அதற்கு விடை இருக்காது. ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: நெபோஷ் என்பது வெளிநாட்டுக்கான கதவு, இந்தியச் சட்டம் கேட்கும் டிப்ளமாவுக்கு அது ஈடாகாது. அப்புறம் அந்த "ஓஷா 30 மணி நேரம்". அது அமெரிக்கத் தொழிலாளர் துறையின் கீழுள்ள ஓஷா அமைப்பின் விழிப்புணர்வுப் பயிற்சி, முடித்தவருக்கு ஒரு கார்டு தருவார்கள். "ஓஷா சர்ட்டிஃபைடு சேஃப்டி ஆஃபீசர்" என்று ஒரு பதவியை ஓஷா யாருக்கும் கொடுப்பதில்லை, நம் ஊர் போஸ்டர்கள்தான் கொடுக்கின்றன.

என்னைக் கேட்டால், இதற்கெல்லாம் முன்னால் இரண்டு வருடமாவது ஒரு தொழிலைக் கையால் செய்யுங்கள். வெல்டிங்கோ, ஃபிட்டிங்கோ, சாரம் கட்டுவதோ, எலக்ட்ரிக்கலோ, எதுவானாலும் சரி. ஹோல்டரைப் பிடித்து ஒரு நாள் கூட வெல்டிங் அடிக்காதவன் வெல்டரிடம் போய் "கண்ணாடி போடு" என்று சொல்லும்போது அவர் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதைத் தாங்க முடியாது. நான் ஃபிட்டர் ஹெல்பராக ஒன்றரை வருடம் இருந்தேன், பின்னால் படித்த டிப்ளமாவை விட அந்த ஒன்றரை வருடம்தான் இன்றைக்கும் சோறு போடுகிறது.

முதல் வேலைக்கு நல்ல வாசல் ஷட்டவுன். சுத்திகரிப்பு ஆலை, அனல் மின் நிலையம், உரத் தொழிற்சாலை மாதிரி இடங்களில் பராமரிப்புக்காக மொத்த யூனிட்டையும் நிறுத்துவார்கள், முப்பது நாற்பது நாளில் ஆயிரக்கணக்கான ஆட்கள் இறங்கி வேலை பார்ப்பார்கள். அப்போது சேஃப்டிக்குக் கூடுதல் ஆள் எடுத்தே தீர வேண்டும், அனுபவம் குறைவானவர்களுக்கும் இடம் கிடைக்கும். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், இரவில் கொசு, தங்கும் அறையில் எட்டுப் பேர், எல்லாம் உண்டு. ஆனால் ஒரு வருடம் அலுவலகத்தில் உட்கார்ந்து பார்க்க முடியாத அத்தனை பெர்மிட்டையும் (ஆபத்தான வேலைக்கு முன் எழுதி வாங்கும் அனுமதிச் சீட்டு) அந்த ஒரே மாதத்தில் பார்த்துவிடலாம்: தீப்பொறி பறக்கும் ஹாட் வொர்க், உயரத்தில் வேலை, மூடிய தொட்டிக்குள் இறங்குவது, கிரேனால் தூக்குவது, கதிர்வீச்சால் வெல்டிங்கைச் சோதிக்கும் ரேடியோகிராஃபி.

வேலை கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். முதல் மாதம் என்ன செய்வது?

நடங்கள். லேப்டாப் கொடுப்பார்கள், எக்ஸல் ஷீட் கொடுப்பார்கள், மதியத்துக்கு மேல் அதைப் பார்த்துக்கொள்ளலாம். காலையில் வேலை தொடங்கும் நேரம், சாப்பாட்டுக்கு முந்தைய அரை மணி, ஷிப்ட் முடியும் நேரம், இந்த மூன்றிலும் நீங்கள் சைட்டில் இருக்க வேண்டும், அவசரம் பிடித்துக்கொள்ளும் நேரங்கள் அவைதான். போகும்போது மேஸ்திரிகளின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆட்களின் ஊரைக் கேளுங்கள். முதல் பத்து நாள் யாரைப் பற்றியும் புகார் எழுதிக் கொடுக்காதீர்கள், உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் நிறுத்துங்கள்.

மொழி இங்கே பெரிய விஷயம். சேஃப்டி ஆஃபீசருக்குத் தொழிலாளர்களில் பெரும்பான்மையோர் பேசும் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்பது விதிகளிலேயே உள்ள தகுதி. அதை எழுதிய காலத்தில் இங்கே எல்லோரும் தமிழ் பேசினார்கள். இன்றைக்கு ஒரகடத்திலோ எண்ணூரிலோ ஒரு சைட்டில் போய் நின்றால் காதில் விழுவது இந்தி, ஒடியா, வங்காளம். அரசியலை வெளியே வைத்துவிட்டு, வேலைக்குத் தேவையான இருநூறு இந்தி வார்த்தைகளைக் கற்றுக்கொள்ளுங்கள். நான் கற்றுக்கொண்ட முதல் பாடத்தைச் சொல்கிறேன். சாரத்தின் மேலே நிற்பவரைப் பார்த்து "பெல்ட் லகாயா?" என்று கேட்டேன், "ஹாங் சாப்" என்று வந்தது. மாட்டியாச்சா என்று கேட்டால் உலகத்தில் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். அடுத்த நாள் முதல் "கஹாங் லகாயா?" என்று கேட்க ஆரம்பித்தேன், எங்கே மாட்டியிருக்கிறாய் என்று. இப்போது அவர் திரும்பிக் கொக்கியைப் பார்த்தாக வேண்டும். பாதி நேரம் அது அவருடைய பெல்ட்டிலேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

அந்தக் கொக்கியைப் பற்றி ஒரு கணக்கும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்டர்வியூவில் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான், பத்தில் எட்டுப் பேர் விழிப்பார்கள். உடம்பில் மாட்டும் பெல்ட்டையும் கொக்கியையும் இணைக்கும் கயிறான லேன்யார்டின் நீளம் 1.8 மீட்டர். விழும்போது அதிலுள்ள ஷாக் அப்சார்பர் பிரிந்து ஒரு மீட்டருக்கு மேல் நீளும், 1.2 என்று வைத்துக்கொள்வோம். முதுகில் இருக்கும் வளையத்திலிருந்து பாதம் வரை 1.5. தரைக்கு மேல் கொஞ்சம் மிச்சம் வேண்டும், அது 1. கூட்டினால் ஐந்தரை மீட்டர். அதாவது கொக்கி மாட்டும் இடத்துக்கும் தரைக்கும் நடுவில் இவ்வளவு வெற்றிடம் இருக்க வேண்டும். இப்போது மூன்று மீட்டர் உயரப் பலகையில் நின்றுகொண்டு மார்பு உயரத்துக் குழாயில் மாட்டியிருக்கிறவரை நினைத்துப் பாருங்கள், கொக்கி இருப்பது நாலே கால், நாலரை மீட்டரில். உடம்பில் மாட்டும் பெல்ட்டான ஹார்னஸ் இருக்கிறது, கொக்கி இருக்கிறது, செக்லிஸ்ட்டில் டிக் இருக்கிறது, ஆனால் அவர் விழுந்தால் தரையில்தான் விழுவார். அங்கே தேவை கைப்பிடிக் கம்பி அடித்த பலகை, இல்லாவிட்டால் விழும் கணமே இழுத்துப் பிடிக்கும் ரிட்ராக்டபிள் பிளாக். அதைவிட நல்லது, அந்த வேலையைக் கீழேயே முடித்துவிட்டு மேலே தூக்கி வைக்க முடியுமா என்று யோசிப்பது. அபாயத்தையே இல்லாமல் செய்வது முதலில், ஹெல்மெட்டும் பெல்ட்டும் கடைசியில் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, சைட்டில்தான் எப்போதும் தலைகீழாக நடக்கிறது.

கூரை வேலை இன்னொன்று. பழைய தொழிற்சாலைகளில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு நடுநடுவே வெளிச்சம் வர ஃபைபர் ஷீட் போட்டிருப்பார்கள். ஐந்தாறு வருடத் தூசி படிந்தால் இரண்டும் ஒரே நிறம். ஒழுகுகிறது என்று மேலே ஏறுபவர் அந்த ஷீட்டில் கால் வைப்பார், அவ்வளவுதான். ஆஸ்பெஸ்டாஸும் ஆள் எடையைத் தாங்கும் என்று நம்பக் கூடாது, பலகை ஏணி போட்டு அதன் மேல் மட்டும்தான் நடக்க வேண்டும், கீழே வலை கட்ட வேண்டும். "பத்து நிமிஷ வேலைதான் சார்" என்று எவராவது சொன்னால் அங்கேயே நில்லுங்கள். எனக்குத் தெரிந்த கூரை விபத்துகளில் பாதிக்கு மேல் அந்தப் பத்து நிமிஷ வேலைகள்.

கிரைண்டிங் மெஷினைக் கையில் வாங்கிப் பார்க்கும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு அங்குல மெஷின் நிமிஷத்துக்கு 11,000 சுற்று வரை ஓடும். ஏழு அங்குல வீலின் மேல் 8,500 சுற்றுக்குப் பக்கத்தில்தான் எழுதியிருக்கும். வீலை மூடியிருக்கும் பாதுகாப்பு மறைப்பான கார்டைக் கழற்றிவிட்டு அந்தப் பெரிய வீலை இந்தச் சின்ன மெஷினில் மாட்டியிருப்பார்கள், சீக்கிரம் வேலை முடியும் என்று. வீல் சிதறினால் துண்டு போகும் வேகத்துக்கு முகத்தில் போட்டிருக்கும் கண்ணாடி ஒன்றும் செய்யாது. இதை மைக் பிடித்து ஐம்பது பேருக்குச் சொன்னால் ஒருவர் காதிலும் ஏறாது. வேலை தொடங்கும் முன் ஆட்களிடம் பேசும் காலை டூல்பாக்ஸ் டாக்கில் அந்த வீலையே கொண்டுபோய்க் கையில் கொடுத்து, இந்த எண்ணைப் படி, மெஷினில் இருக்கும் எண்ணைப் படி, என்று ஒருவரையே படிக்க வையுங்கள். ஐந்து நிமிஷம், ஒரே ஒரு விஷயம், அதற்கு மேல் பேசாதீர்கள். கூட்டத்தை நிற்கவைத்து இருபது நிமிஷம் பிரசங்கம் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கே அந்த சைட்டை விட்டு ஓடத் தோன்றும்.

மூடிய தொட்டிக்குள் இறங்கும் வேலையில் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம் இருக்கும், 19.5-க்குக் கீழே போனால் உள்ளே ஆள் போகக் கூடாது. கேஸ் மீட்டரை வாயிலில் மட்டும் காட்டிவிட்டு எழுதிக்கொள்வார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள், மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்தில் இறக்கிப் பார்க்க வேண்டும், ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றை விடக் கனம், அடியில்தான் கிடக்கும். கூமுட்டை நாற்றம் அடிக்கும், ஆனால் அளவு 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) பக்கம் போனால் மூக்கு மரத்துவிடும், நாற்றம் போய்விட்டது என்று சந்தோஷப்பட்டால் முடிந்தது கதை. நம் ஊரில் செப்டிக் டேங்க் செய்திகளைக் கவனித்திருப்பீர்கள், பெரும்பாலும் ஒருவராகச் சாவதில்லை. முதலில் விழுந்தவரைத் தூக்க இன்னொருவர் குதிப்பார், அவரைத் தூக்க மூன்றாமவர், சிலசமயம் அது அண்ணன் தம்பியாகவே இருக்கும். அதனால் வெளியே நிற்பவருக்கு நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியது முதலில் ஒன்றுதான்: எது நடந்தாலும் நீ உள்ளே இறங்காதே. தொட்டி வாயின் மேல் மூன்றுகால் தாங்கியும் கயிறு சுற்றி இழுக்கும் வின்ச்சும் வைத்து, உள்ளே போனவரின் ஹார்னஸோடு கயிறு இணைந்தே இருந்தால் வெளியிலிருந்தே இழுத்துவிடலாம்.

இதெல்லாம் தெரிந்தும் வேலையில் தோற்றுப்போகிறவர்கள் இருக்கிறார்கள், காரணம் பெரும்பாலும் புரொடக்‌ஷன் மேனேஜரோடு போடும் சண்டை. வேலையை நிறுத்தும் போது நாலு பேர் முன்னால் நிறுத்தாதீர்கள், தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். "இது விதிமீறல்" என்று ஆரம்பித்தால் அவர் காது மூடிவிடும். "கார்டு போட இருபது நிமிஷம், நான் ஃபிட்டரைக் கூட்டிட்டு வரேன், மூணு மணிக்குள்ள உங்க லைன் ஓடும்" என்று ஆரம்பித்தால் கேட்பார். நிறுத்தச் சொல்லும்போதே எப்படி மறுபடி ஓட்டுவது என்பதையும் கையில் வைத்திருக்க வேண்டும். இல்லை என்று மட்டும் சொல்லத் தெரிந்த ஆளை அடுத்த முறை யாரும் கூப்பிட மாட்டார்கள், கூப்பிடாமலேயே வேலையை முடித்துவிடுவார்கள், உங்களுக்குத் தெரியாமல் நடக்கும் வேலைதான் ஆளைக் கொல்லும்.

அதே காரணத்துக்காகத்தான் அபராதம் போடுவதும் எனக்குப் பிடிக்காது. ஹெல்மெட் இல்லை, ஐந்நூறு ரூபாய் பிடி, என்று பல காண்ட்ராக்ட்களில் எழுதியே வைத்திருக்கிறார்கள். தினக்கூலியில் ஐந்நூறு போனால் அந்த ஆள் ஹெல்மெட் போடுவாரோ என்னவோ, உங்களைக் கண்டால் ஒளிவது நிச்சயம். அப்புறம் ஸ்பேனர் ஒன்று மேலிருந்து விழுந்து யார் தலையிலும் படாமல் போனால், உங்கள் காதுக்கு அது எப்படி வரும்? இப்படி மயிரிழையில் தப்பியதை எழுதிப் போட நியர் மிஸ் என்று வாசலில் பெட்டி வைத்திருப்பார்கள், திறந்து பார்த்தால் பீடித் துண்டு இருக்கும். ஆட்கள் வாயால்தான் சொல்வார்கள், அதுவும் டீக்கடையில், அதுவும் நீங்கள் யாரையும் காட்டிக்கொடுக்க மாட்டீர்கள் என்று தெரிந்தால். கிரேனில் சுமையைக் கட்டித் தூக்கும் ஸ்லிங்கில் கம்பி அறுந்திருப்பதை எனக்குச் சொன்னது இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் இல்லை, சுமை கட்டும் வேலை செய்யும் ஒரு பாலக்கோட்டு ரிக்கர், பஜ்ஜியைப் பிட்டுக்கொண்டே, "அந்த பத்து டன் ஸ்லிங் சரியில்லண்ணே" என்று. போய்ப் பார்த்தேன், வெட்டிப் போட்டோம். அவர் பெயரை எங்கேயும் எழுதவில்லை.

வளைகுடா போவது பற்றி ரொம்ப நீட்டவில்லை. சம்பளம் நன்றாக இருக்கும், ஒழுங்கு இருக்கும், வெயில் இருக்கும். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் பன்னிரண்டரை முதல் மூன்று வரை திறந்தவெளி வேலைக்குத் தடை, கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை பத்து முதல் மாலை மூன்றரை வரை. அங்கே சேஃப்டி ஆளுக்குக் கோடையில் பாதி வேலை தண்ணீரும் நிழலும்தான், யாருக்கு வியர்ப்பது நின்றுபோயிருக்கிறது, யார் பேச்சு குழறுகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏஜெண்டிடம் பணம் கொடுக்கும் முன்னால் ஒப்பந்தத்தில் பதவி என்ன என்று எழுதியிருக்கிறது எனப் பாருங்கள், "சேஃப்டி" என்று சொல்லி ஹெல்பர் விசாவில் அனுப்பப்பட்டவர்களை நேரில் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, யாரும் வகுப்பில் சொல்லித்தராத ஒன்று. கையெழுத்து. இந்த வேலையில் உங்கள் கையெழுத்துத்தான் எல்லாம், ஒரு நாளைக்கு நாற்பது பெர்மிட்டில் போடுவீர்கள், மூன்றாம் மாதத்தில் பார்க்காமலேயே போட ஆரம்பிப்பீர்கள். போகாத இடத்துக்கு, பார்க்காத மீட்டருக்குப் போடாதீர்கள். தனியாக ஒரு டைரி வைத்து, எத்தனை மணிக்கு எங்கே என்ன பார்த்தேன், யாரிடம் சொன்னேன், அவர் என்ன சொன்னார் என்று பேனாவால் எழுதுங்கள். முக்கியமானதை மெயிலிலும் போடுங்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் ஐந்தாவது வருடத்தில், நான் விடுமுறையில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்போது நான் வேலை பார்த்த இடத்தில் ஒருவர் தொட்டிக்குள் மயங்கி விழுந்தார். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். திங்கட்கிழமை காலை என் மேஜையில் ஒரு பெர்மிட் இருந்தது, சனிக்கிழமைத் தேதி போட்டு, கேஸ் ரீடிங் எல்லாம் அழகாக நிரப்பி, என் கையெழுத்துக்கான கட்டம் மட்டும் காலியாக. "சும்மா ஃபார்மாலிட்டிப்பா" என்றார்கள். பத்து நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பொய் சொல்வானேன், பேனாவின் மூடியைக் கூடக் கழற்றினேன். வீட்டு லோன் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. பிறகு எழுந்து போய், நான் சனிக்கிழமையே ஊரில் இல்லை, பஸ் டிக்கெட் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். யாரும் திட்டவில்லை. மூன்று மாதத்தில் காண்ட்ராக்ட் புதுப்பிக்கப்படவில்லை, அடுத்த வேலை அமைய நான்கு மாதம் ஆனது, அந்த நான்கு மாத இஎம்ஐயை மச்சான்தான் கட்டினார். அதனால் கோர்ஸுக்கென்று வைத்திருக்கும் பணத்தில் பாதியையாவது எடுத்து ஆறு மாதச் செலவுக்குத் தனியாக ஒரு கணக்கில் போட்டுவிட்டு, அப்புறம் இந்த வேலைக்கு வாருங்கள்.